புல் கார்டை இழுத்தால் பெல்ட் நிற்குமா?

அத்தியாயம் 7: கன்வேயர் பாதுகாப்பு ஸ்விட்சுகளை நீங்களே சோதிக்கும் முறை

கன்வேயர் ஓரமாக நீண்டு ஓடும் அந்தக் கயிறு, பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவே ஒருவருடைய சட்டைக் கை சிக்கிக்கொண்டால் அவருக்கு எட்டக்கூடிய ஒரே உதவி. வருடம் முழுக்க யாரும் அதைத் தொடாமலே இருக்கலாம். தொடும் அன்று அது வேலை செய்தாக வேண்டும்.

மோட்டார் எரிந்தால் பெல்ட் ஓடாது, பேரிங் தேய்ந்தால் சத்தம் வரும். பாதுகாப்பு ஸ்விட்ச் பழுதானால் மட்டும் ஒன்றுமே தெரியாது. பெல்ட் வழக்கம்போல ஓடும், உற்பத்தி நடக்கும், எல்லாம் சரியாக இருப்பதாகவே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆபத்து வருவதற்கு முன் நாமே இழுத்துப் பார்ப்பதுதான்.

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, சிமென்ட் ஆலையிலோ, அரியலூர்ப் பக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ, அனல் மின் நிலையத்தின் நிலக்கரி யார்டிலோ, நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்திலோ எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சேர்ந்திருப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். உங்கள் ஆலையின் பெர்மிட் விதி இங்கே சொல்வதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) பேனலைத் தொட அதற்கான அங்கீகாரம் பெற்றவரை மட்டுமே விடுங்கள்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

எந்த ட்ரிப் சர்க்யூட்டிலும் மூன்று பகுதிகள் உண்டு: ஆபத்தை உணரும் ஸ்விட்ச், முடிவெடுக்கும் ரிலே அல்லது பி.எல்.சி., மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அல்லது கான்டாக்டர். ஸ்விட்சை மட்டும் பார்த்துவிட்டு, "சோதித்தாயிற்று" என்று எழுதினால் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் ஆகியிருக்கிறது.

பாதுகாப்பு ஸ்விட்சின் கான்டாக்ட் சாதாரண நிலையில் மூடியிருக்கும், இழுத்தால் திறக்கும். இதைத்தான் என்.சி. என்கிறோம். கயிற்றை இழுத்தாலும், கேபிள் அறுந்தாலும், கன்ட்ரோல் சப்ளை போனாலும் பெல்ட் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு டெர்மினலுக்கு நடுவே யாராவது ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிட்டால், அந்த ஸ்விட்ச் இருந்தும் இல்லாததுதான். சர்க்யூட்டால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இழுத்துப் பார்த்தோ கண்ணால் பார்த்தோதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரும்பாலான கன்வேயர்களில் இவை இருக்கும்: நடைபாதை ஓரமாக, கயிற்றை இழுத்தால் திறக்கும் புல் கார்டு ஸ்விட்ச், பெல்ட் பக்கவாட்டில் விலகினால் உணரும் பெல்ட் ஸ்வே ஸ்விட்ச், பெல்ட் சறுக்கினால் அல்லது அறுந்தால் உணரும் ஜீரோ ஸ்பீடு ஸ்விட்ச், சூட் அடைத்துக்கொண்டால் உணரும் சூட் பிளாக் ஸ்விட்ச், ஸ்டார்ட் ஆகும் முன் ஒலிக்கும் சைரன். இவற்றோடு, வரிசையில் அடுத்திருக்கும் கன்வேயர் நின்றால் இதுவும் நிற்க வேண்டும் என்ற இன்டர்லாக்.

புல் கார்டு லாக் அல்ல

படிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியே ஆகவேண்டும். ரோலர் மாற்றவோ, ஸ்கிராப்பரில் ஒட்டியதைச் சுரண்டவோ புல் கார்டை இழுத்துவிட்டு பெல்ட் மேல் ஏறும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. புல் கார்டு ஓடும் பெல்ட்டை நிறுத்தும், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே இருப்பது தெரியாமல் வேறொருவர் அதை ரீசெட் செய்யலாம். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பி.எல்.சி. திரையில் "ஸ்டாப்" கொடுத்திருப்பதும் இதே கதைதான். மோட்டாருக்கு வரும் மெயின் சப்ளை அப்படியேதான் இருக்கும்.

பெல்ட்டையோ, ரோலரையோ, புல்லியையோ கையால் தொட வேண்டிய எந்த வேலைக்கும் முறை இதுதான்:

1. பெல்ட்டைக் காலி செய்து நிறுத்தச் சொல்லுங்கள். சரக்கோடு நிற்கும் சாய்வு பெல்ட்டில் வேலை செய்ய வேண்டாம். பிரேக்கோ ஹோல்ட்பேக்கோ விட்டுக்கொடுத்தால், மோட்டாரே இல்லாமல் அது பின்னோக்கி ஓடும்.
2. பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசொலேட்டட் நிலைக்கு இழுக்கச் செய்யுங்கள்.
3. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட வேண்டும். நான்கு பேர் என்றால் நான்கு பூட்டு. சாவி அவரவர் பையில் இருக்க வேண்டும், மேஜை டிராயரில் அல்ல.
4. பெயர், வேலை, நேரம் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.
5. மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு இங்கே வையுங்கள், திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா இடத்திலும் "சப்ளை இல்லை" என்றுதான் சொல்லும்.
6. லோக்கல் ஸ்டேஷனில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது.
7. டேக்-அப் எடைக்கட்டை தூக்கிக் கட்ட வேண்டிய வேலை என்றால் கட்டி, அதன் கீழே யாரும் போகாதபடி தடுப்பு வையுங்கள். மின்சாரத்தைப் பூட்டினால் புவியீர்ப்பு பூட்டப்படாது.

ஆறாவது படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். ஆனால் பக்கத்துக் கன்வேயரின் பிரேக்கரைத் தவறுதலாகப் பூட்டியிருப்பது தெரியவருவது பெரும்பாலும் அந்தப் படியில்தான்.

கிளம்பும் முன்

- ஷட்டவுன் நேரத்தையும் பெர்மிட்டையும் கேட்டு வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளோடு சேர்த்துக்கொண்டால் உற்பத்திப் பிரிவோடு தகராறு வராது.
- குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கன்வேயர் ஓரம், மற்றவர் எம்.சி.சி. (மோட்டார் கன்ட்ரோல் சென்டர்) அறையில். வாக்கி-டாக்கி இரண்டும் பெல்ட்டின் கடைசி முனைவரை எடுக்கிறதா என்று முதலிலேயே பேசிப் பாருங்கள்.
- சர்க்யூட் டிராயிங்கின் கடைசியாகத் திருத்திய பிரதி. பேனல் கதவுக்குள் மடித்துச் செருகியிருக்கும் பழைய தாளை நம்பாதீர்கள்.
- மல்டிமீட்டர், ஸ்டாப்வாட்ச், ஸ்க்ரூ டிரைவர் செட், டார்ச், பெயின்ட் மார்க்கர், ஸ்விட்ச் எண்கள் வரிசையாக அச்சிட்ட சோதனைத் தாள்.
- உடலோடு ஒட்டிய உடை. தொங்கும் துண்டு, ஐ.டி. கார்டு கயிறு, மோதிரம், ரப்பர் பேண்டில் தொங்கும் பேனா எதுவும் வேண்டாம்.

கிரீஸ் கன்னையும் துடைக்கும் துணியையும் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காரணம் கீழே.

முதலில் சோதியுங்கள், பிறகு துடையுங்கள்

நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெரிய தவறு இது. டெக்னீஷியன் முதலில் ஸ்விட்ச் மேல் படிந்த தூசியைத் தட்டுகிறார், தண்டில் கொஞ்சம் எண்ணெய் விடுகிறார், லீவரை இரண்டு தடவை ஆட்டி இளக்கிவிடுகிறார், அப்புறம் கயிற்றை இழுக்கிறார். பெல்ட் ட்ரிப் ஆகிறது. தாளில் "சரி" என்று எழுதுகிறார்.

நேற்று இரவு ஒருவர் அந்தக் கயிற்றை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சுண்ணாம்புக்கல் தூசி மழைச்சாரலில் நனைந்து காய்ந்தால் ஸ்விட்சின் தண்டைச் சுற்றிக் கெட்டியான வளையமாக இறுகிவிடும். கையால் லீவரைத் திருப்பினால் நறநறவென்று உடைந்து கொடுக்கும். அந்த நறநறப்புதான் நீங்கள் தேடி வந்த செய்தி. அதைத் துடைத்துவிட்டால் செய்தியும் போய்விடும்.

அதனால் தாளில் இரண்டு பத்தி வேண்டும்: வந்தபோது இருந்த நிலை, விட்டுப் போகும்போது இருந்த நிலை. முதல் பத்தியை நிரப்பிய பிறகுதான் துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

புல் கார்டு சோதனை: மோட்டார் ஓடாமல்

டிரா-அவுட் பிரேக்கரில் சர்வீஸ், டெஸ்ட், ஐசொலேட்டட் என்று மூன்று நிலைகள் இருக்கும். டெஸ்ட் நிலையில் மெயின் சப்ளை பிரிந்திருக்கும், கன்ட்ரோல் சப்ளை மட்டும் இருக்கும். பிரேக்கர் மூடும், ட்ரிப் ஆகும், மோட்டார் ஓடாது. நமக்கு வேண்டியது இதுதான். உங்கள் பேனலில் டெஸ்ட் நிலை இல்லையென்றால் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரிடம் கேட்டு அவர் சொல்லும் வழியில் செய்யுங்கள். நீங்களாக ஃபியூஸைக் கழற்றி ஏற்பாடு செய்ய வேண்டாம்.

1. பிரேக்கரை டெஸ்ட் நிலைக்குக் கொண்டுவந்து, யாரும் சர்வீஸுக்குத் தள்ளிவிடாதபடி பூட்டச் செய்யுங்கள்.
2. எம்.சி.சி.யில் இருப்பவர் "ரெடி டு ஸ்டார்ட்" லேம்ப் எரிகிறதா என்று பார்க்கட்டும். எரியவில்லை என்றால் ஏற்கெனவே ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.
3. டெயில் எண்டில் ஆரம்பியுங்கள். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவில், கயிற்றின் மத்தியில், ஒரு கையால் இழுங்கள். லீவரைப் பிடித்து இழுக்காதீர்கள். விபத்தில் சிக்கியவர் லீவர் இருக்கும் இடத்தில்தான் சிக்குவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?
4. லேம்ப் அணைய வேண்டும். திரையில் வரும் எண், உங்கள் முன்னால் இருக்கும் ஸ்விட்சின் எண்ணாக இருக்க வேண்டும்.
5. கயிற்றை விட்டுவிடுங்கள். லேம்ப் தானாகத் திரும்ப எரியக் கூடாது. ஸ்விட்ச் இழுத்த நிலையிலேயே நிற்க வேண்டும், இடத்துக்குப் போய்க் கையால் ரீசெட் செய்தால்தான் விட வேண்டும்.
6. ரீசெட் செய்யுங்கள். லேம்ப் எரிய வேண்டும், ஆனால் பிரேக்கர் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. ரீசெட் என்பது அனுமதி மட்டும். ஸ்டார்ட் தனியாகக் கொடுக்க வேண்டும்.
7. அடுத்த ஸ்விட்ச். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். நடைபாதை இல்லாத பக்கத்தில் புதர் மண்டியிருப்பதால் அதை விட்டுவிடும் வழக்கம் உண்டு. விடாதீர்கள்.

வாக்கி-டாக்கியில் பேச்சு இப்படிப் போகட்டும்:

"14 இழுத்தாச்சு சார். லேம்ப் போச்சா?"

"போச்சுப்பா. ஸ்கிரீன்ல 14தான் காட்டுது. கயிற விட்டுடு... ம், லேம்ப் வரல. ரீசெட் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"வந்துடுச்சு. 15க்குப் போ."

"ஓகே" என்ற ஒற்றைச் சொல்லால் பேச வேண்டாம். எந்த ஸ்விட்ச், என்ன நடந்தது என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னால்தான் எண் மாறிப்போன கேபிள் வெளியே வரும். 14ஐ இழுத்தால் திரையில் 17 என்று வந்தால், ஆபத்து நேரத்தில் ஓடுபவர்கள் தப்பான இடத்துக்கு ஓடுவார்கள்.

*குறிப்பு:* திரையில் சிவப்பு வருவதும் பிரேக்கர் ட்ரிப் ஆவதும் வேறு வேறு. சில ஆலைகளில் ஸ்விட்சிலிருந்து ஒரு கான்டாக்ட் பி.எல்.சி.க்கும், இன்னொன்று நேராக ட்ரிப் சர்க்யூட்டுக்கும் போகும். அலாரம் மட்டும் வந்து பிரேக்கர் அப்படியே நின்றால், திரையைப் பார்த்தவர் "சரி" என்று எழுதிவிடுவார். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் சில ஸ்விட்சுகளையாவது, குறிப்பாக எம்.சி.சி.யிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதை, டெஸ்ட் நிலையில் பிரேக்கரை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். பிரேக்கர் "டக்" என்று திறக்கும் சத்தத்தை அறையில் இருப்பவர் காதால் கேட்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும்: பெல்ட் ஓடாததால் சில விநாடிகளில் ஜீரோ ஸ்பீடு ட்ரிப்பும் வந்துவிடும். அதற்குள் இழுங்கள். எது முதலில் வந்தது என்பதைத் திரையில் பாருங்கள். வசதிக்காக ஜீரோ ஸ்பீடை பைபாஸ் செய்ய வேண்டாம். அந்த ட்ரிப் தானாக வருவதே ஒரு இலவசச் சோதனை. வரவில்லையென்றால் அதுவும் ஒரு பழுது. எழுதிக்கொள்ளுங்கள்.

கயிற்றை நடந்துகொண்டே படியுங்கள்

ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் தாவிப் போகாமல் கயிற்றோடு நடங்கள். கயிறு ஏந்தும் வளையங்களில் துருப்பிடித்து இறுகியிருக்கும் இடம், யாரோ தார்ப்பாய் கட்டுவதற்காகக் கயிற்றைத் தூணோடு சேர்த்துக் கட்டிய இடம், கீழே சிந்திய சரக்கு குவிந்து கயிறே புதைந்துபோன இடம், இவையெல்லாம் ஸ்விட்ச் நன்றாக இருந்தும் பலன் இல்லாத இடங்கள். தொய்வு அதிகமாக இருந்தால் கயிறு ஒரு முழம் வந்த பிறகுதான் லீவர் அசையும்.

மூடியைத் திறந்து பார்க்கும் முன் கன்ட்ரோல் சப்ளையையும் ஆஃப் செய்யுங்கள். உள்ளே 110 வோல்ட் இருக்கக்கூடும். தண்ணீர் நின்ற கோடு, பயன்படாத துளையில் அடைப்பு இல்லாமை, குளவிக் கூடு, தளர்ந்த டெர்மினல் ஆகியவற்றைப் பாருங்கள். கேபிள் கிளாண்ட் மேல்நோக்கி இருந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். பக்கவாட்டிலோ கீழிருந்தோ நுழையும்படி மாற்றச் சொல்லுங்கள்.

அப்படியே ஜங்ஷன் பாக்ஸ்களையும் எம்.சி.சி.யின் டெர்மினல் வரிசையையும் பாருங்கள். எண் ஃபெரூல் இல்லாத, மற்றவற்றைவிடப் புதிதாக, வேறு நிறத்தில் ஒரு சின்ன ஒயர் இரண்டு டெர்மினலை இணைத்திருந்தால் அது ஜம்பர். யார் போட்டது என்று சண்டை பிடிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். படம் எடுங்கள், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள், டிராயிங்கோடு ஒப்பிட்டு அகற்றச் செய்யுங்கள். கடைசி ஜங்ஷன் பாக்ஸில் லூப்பின் ஒரு ஒயரைக் கழற்றி, சப்ளை கொடுத்து, "ரெடி" லேம்ப் அணைந்தே இருக்கிறதா என்று பார்த்தால், லூப் முழுவதையும் தாண்டிப் போகும் குறுக்குவழி இல்லை என்பது உறுதியாகும்; தனி ஸ்விட்சின் ஜம்பர் அதை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்த்து முடித்ததும் திரும்ப மாட்டி இறுக்குங்கள்.

பெல்ட் ஸ்வே, சூட் பிளாக்

இவற்றின் சோதனை சுருக்கமானது, ஆனால் கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகும். எனவே பிரேக்கர் டெஸ்ட் நிலையில் பூட்டியிருப்பதை மீண்டும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்வே ஸ்விட்சின் செங்குத்து ரோலரைப் பெல்ட் விலகும் திசையில் மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு நிலை ஸ்விட்ச் என்றால் முதலில் எச்சரிக்கை, இன்னும் தள்ளினால் ட்ரிப் வர வேண்டும். ரோலர் கையால் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சுழலாத ரோலரைப் பெல்ட்டின் ஓரம் கத்திபோல அறுத்திருக்கும், வரிவரியாகத் தெரியும். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஸ்விட்சைப் பெல்ட்டிலிருந்து தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். சரி செய்ய வேண்டியது பெல்ட்டின் நேர்கோட்டை, ஸ்விட்சின் இடத்தை அல்ல.

விலகிய பெல்ட் ஓரத்தை மட்டும் கெடுப்பதில்லை. 2006 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அராகோமா அல்மா நிலக்கரிச் சுரங்கத்தில், நேர்கோட்டிலிருந்து விலகிய பெல்ட் உராய்ந்து தீப்பிடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சூட் அடைப்பின் கதை இன்னும் பெரியது. 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிரெஸ்வெல் சுரங்கத்தில், கிழிந்த பெல்ட்டின் துண்டு சரக்கு மாறும் இடத்தில் உள்ள சூட்டில் அடைத்துக்கொள்ள, மேலே பெல்ட் உராய்ந்து தீப்பற்றியது. 80 பேர் திரும்பவில்லை. தீ பரவாத பெல்ட் வேண்டும் என்ற வற்புறுத்தல் அதன்பிறகே வலுத்தது.

சூட் பிளாக் ஸ்விட்சைச் சோதிக்க அதன் தொங்கும் தண்டைச் சாய்த்துப் பிடியுங்கள். பொய் ட்ரிப் வராமலிருக்க ஒரு டைமர் இருக்கும். ஸ்டாப்வாட்சில் அந்த நேரத்தைக் குறித்து, தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நேரம் யாருக்கும் தெரியாமல் நீண்டுகொண்டே போவது வழக்கமாக நடக்கும் ஒன்று.

ஜீரோ ஸ்பீடு: எங்கே மாட்டியிருக்கிறது?

ட்ரிப் வருகிறதா என்பதற்கு முன், சென்சார் எந்தப் புல்லியில் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் இழுக்கும் ஹெட் புல்லியிலோ கியர்பாக்ஸ் ஷாஃப்டிலோ மாட்டியிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பெல்ட் சறுக்கினாலும் அறுந்தாலும் அந்தப் புல்லி முழு வேகத்தில் சுற்றும், சென்சார் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். பெல்ட்டால் இழுக்கப்படும் டெயில் புல்லியிலோ, பெல்ட் நன்றாகத் தழுவிச் சுழலும் வேறு இழுபடும் புல்லியிலோ இருக்க வேண்டும்.

சென்சார் முகத்துக்கும் அது உணரும் இரும்புப் பட்டைக்கும் உள்ள இடைவெளி கருவியின் கையேட்டில் இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள். பட்டையை வெல்ட் செய்த இடம் ஆடுகிறதா என்றும் தட்டிப் பாருங்கள். பெல்ட் முழு வேகம் பிடிக்கும்வரை இந்த ட்ரிப்பை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டார்ட் டைமர் இருக்கும். பெல்ட் உண்மையில் வேகம் பிடிக்க எடுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் போதும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வைத்திருந்தால், நின்ற பெல்ட்டின் மேல் புல்லி உராய்ந்து தீ மூட்ட அதுவே போதுமான நேரம்.

கடைசியாக, காலி பெல்ட்டில்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, எல்லா மூடியும் பூட்டி, புல்லிகளின் காப்பு உறைகளைத் திரும்ப மாட்டி, ஆட்கள் அனைவரையும் பெயர் சொல்லி எண்ணிய பிறகு, பூட்டுகளை எடுத்துப் பிரேக்கரை சர்வீஸுக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்.

1. ஸ்டார்ட் கொடுங்கள். முதலில் சைரன் ஒலிக்க வேண்டும், சில விநாடிகள் கழித்தே பெல்ட் அசைய வேண்டும். ஒருவரைக் கடைசி முனையில், கிரஷர் ஓடும் சத்தத்தின் நடுவே நிற்க வையுங்கள். அவருக்குக் கேட்டதா?
2. முழு வேகம் வந்ததும் ஒரு புல் கார்டை இழுத்து, பெல்ட் முழுதாக நிற்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். போன தடவையைவிட அதிகமாகியிருந்தால் பிரேக்கைப் பாருங்கள்.
3. பெல்ட்டைத் திரும்ப ஓட்டி, ஜீரோ ஸ்பீடு சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள்; பெல்ட் ட்ரிப் ஆக வேண்டும். சுழலும் புல்லிக்குப் பக்கத்தில் அல்ல, ஜங்ஷன் பாக்ஸில்.
4. வரிசையில் இருக்கும் கன்வேயர்களை எல்லாம் ஓட்டி, சரக்கு போய்ச் சேரும் பக்கத்துக் கன்வேயரை நிறுத்துங்கள். அதற்கு முன்னால் உள்ளவை, அதாவது சரக்கைக் கொண்டுவருபவை, உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரக்கு சூட்டில் குவியும். நிறுத்தியதற்குப் பின்னால் உள்ளவை தொடர்ந்து ஓடித் தங்கள் சரக்கைக் காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது படியில் எடுத்த நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட், கை நீண்டு கயிற்றைப் பிடிக்க ஆகும் அரை விநாடிக்குள் ஒன்றரை மீட்டர் போய்விடும். அதன்பின் நிற்க இன்னும் சில விநாடிகள். இந்த இரண்டும் சேர்ந்து பெல்ட் போகும் தூரத்தைச் சோதனைத் தாளின் மேலேயே எழுதி, அன்றைய ஷிஃப்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். புல் கார்டு இருக்கிறது என்று புல்லியின் காப்பு உறையைக் கழற்றி வைப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பைபாஸ் போட வேண்டி வந்தால்

ஒரு ஸ்விட்ச் கெட்டுப்போய், மாற்று ஸ்டோரில் இல்லை, பெல்ட் ஓடியாக வேண்டும் என்கிறார்கள். இந்த நிலை எல்லா ஆலையிலும் வரும். புல் கார்டு, சைரன் ஆகியவற்றை பைபாஸ் செய்து ஓட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. மனித உயிருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே வேறு எதுவும் அங்கே இல்லை. மற்றவற்றுக்கு, உங்கள் ஆலையின் விதி அனுமதித்தால் மட்டும்:

- வாய்ச்சொல்லில் செய்யாதீர்கள். பைபாஸ் ரெஜிஸ்டரில் ஸ்விட்ச் எண், காரணம், அனுமதித்தவர் கையெழுத்து, எடுக்க வேண்டிய தேதியும் நேரமும் இருக்க வேண்டும். தேதி இல்லாத பைபாஸ் நிரந்தரமாகிவிடும்.
- அது இல்லாத நேரத்தில் அந்த வேலையை யார் கண்ணால் பார்ப்பார் என்று பெயரோடு எழுதுங்கள்.
- ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் வருபவரிடம் வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள்.
- பி.எல்.சி.யில் ஃபோர்ஸ் செய்திருந்தால், வேலை முடிந்ததும் ஃபோர்ஸ் பட்டியலைத் திறந்து அது காலியாக இருப்பதைப் பாருங்கள்.

சோதனை முடிந்தபின் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2005 டிசம்பர் 11 அன்று அங்கே ஒரு பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. மட்டம் காட்டும் கேஜ் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தது. அது தவறினால் காப்பாற்றத் தனியாக ஒரு உயர்மட்ட ஸ்விட்சும் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு லீவர் உண்டு. அந்த லீவரைச் சரியான நிலையில் நிறுத்தி வைக்க ஒரு சிறு பூட்டு தேவை. அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, எனவே அது மாட்டப்படவில்லை. தேவைப்பட்ட இரவில் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

உங்கள் சோதனைத் தாளின் கடைசி வரிசையில் இதற்காகவே ஒரு கட்டம் வையுங்கள்: "கழற்றிய ஒயர், பிளக், மூடி, பூட்டு அனைத்தும் திரும்ப மாட்டப்பட்டன." இதில் கையெழுத்துப் போடுபவர் கழற்றியவராக இருக்கக் கூடாது. இரண்டாவது ஆள் நடந்து போய்ப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

ஆலையின் பராமரிப்பு அட்டவணையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு "வந்தபோது இருந்த நிலை" பத்தி உங்களுக்குச் சொல்லட்டும். ஒரு கன்வேயரில் இரண்டு சோதனைகள் தொடர்ந்து பழுது எதுவும் இல்லையென்றால் அதே இடைவெளி தொடரலாம். ஒரே ஒரு ஸ்விட்ச் இறுகியிருந்தாலும் இடைவெளியைப் பாதியாக்குங்கள், அதே இடத்தில் உள்ள மற்ற ஸ்விட்சுகளையும் உடனே பாருங்கள். கிரஷருக்குக் கீழும் தண்ணீர் தெளிக்கும் இடத்திலும் இருப்பவை மற்றவற்றைவிட முன்னதாகக் கெடும். அவற்றுக்குத் தனி அட்டவணை போடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம்.

சோதனையில் தோற்ற ஸ்விட்சைக் குப்பையில் போடாதீர்கள். எண் எழுதிய அட்டையோடு பட்டறைக்குக் கொண்டுவந்து திறந்து, எதனால் கெட்டது என்று பாருங்கள். தண்ணீரா, தூசியா, தேய்ந்த காமா, துருவேறிய ஸ்பிரிங்கா? காரணத்தைத் தாளில் எழுதி, புதிய ஸ்விட்ச் வாங்கும்போது அந்தத் தாளையும் சேர்த்து ஸ்டோருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே மழைநீர் புகும் அதே மாடல்தான் திரும்ப வரும்.